கந்தலும் கூடாரமும்
காஞ்சி மண்டலக் கதைகள் – 17: கூரம்

கூரம் செப்பேட்டைப் படித்தவர்கள் அந்தக் கந்தலை மறக்க மாட்டார்கள். பெருவளநல்லூர்ப் போரில் பல லட்சம் படையோடு வந்து நின்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், கடைசியில் ஒரு கந்தைத் துணியைப் போர்த்திக்கொண்டு தனியனாக ஓடினான் என்று பல்லவர் தரப்புப் புலவர் எழுதி வைத்திருக்கிறார். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் யானை அரிவாரணத்தின் பெயரும், குதிரை அதிசயத்தின் பெயரும் அதே ஏட்டில் இருக்கின்றன. புழுதியும் ரத்தமும் முரசொலியுமாக அந்தப் போர் வருணனை நீண்டுகொண்டே போகிறது. சென்ற இதழில் அதை விரிவாகவே பார்த்தோம்.

ஆனால் செப்பேட்டை மூடி வைத்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அத்தனை பேரும் முந்தின இரவு எங்கே படுத்தார்கள்?

பல லட்சம் என்பது புலவரின் மிகை. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் அது ஒரு நகரம். அந்த நகரம் ஒரே மாலையில் எழும்ப வேண்டும், மறுநாளோ மறுவாரமோ பெயர்ந்து போக வேண்டும். சாளுக்கியர் பட்டயங்களே இதைச் சொல்கின்றன. ஹொன்னூர்ப் பட்டயத்தின்படி, 670-71இல் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு மேற்கே மல்லியூர் என்ற ஊரில் பாசறை இட்டிருந்தான். கத்வால் பட்டயம் வெளியான 674 ஏப்ரலில் அவன் காவிரியின் தென்கரையில், உறையூரில் இருக்கிறான். மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக ஓர் அரசன் கூடாரத்தில் இருந்தபடி நாடாண்டிருக்கிறான். நிலம் கொடுத்திருக்கிறான், பட்டயம் எழுதச் செய்திருக்கிறான்.

பல்லவர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுடைய தொடக்க காலப் பட்டயங்களில் வெளியிட்ட இடம் 'விஜய ஸ்கந்தாவாரம்' என்று வரும். வெற்றிப் பாசறை என்பது பொருள். பலக்கட, தசனபுர, மென்மாதுர என்று ஊர்ப்பெயர்கள் மாறும், பாசறை என்ற சொல் மாறாது. நாம் அரண்மனைகளைத் தேடித் தோண்டுகிறோம். அந்த அரசர்களின் ஆயுளில் ஒரு பெரும் பங்கு துணிக்கும் ஓலைக்கும் கீழேதான் கழிந்தது. செம்பு நமக்குக் கிடைத்துவிட்டது. துணி மட்கிப் போயிற்று. ஆகவே கூடாரத்தின் வரலாற்றை வேறு இடங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் தேட வேண்டிய இடம் முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தான். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன் வாணிகரின் மகனார் நப்பூதனார். பிரிந்து போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் நடுவில் ஒரு பாசறை முழுசாக எழுந்து நிற்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். படைமுகாம் ஒன்றை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பழந்தமிழ்ப் பாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

காட்டில் புதர்களை வெட்டி அகற்றுகிறார்கள். வெட்டிய முள்ளை வீசி எறிவதில்லை. அதையே கொண்டுவந்து சுற்றிலும் மதிலாக அடைக்கிறார்கள். உள்ளே தழை வேய்ந்த குடில்கள் தெருத் தெருவாக நிற்கின்றன. தெருக்கள் கூடும் இடத்தில் யானை நிற்கிறது. வீரர்கள் தங்கள் வில்லை ஊன்றி, அதில் அம்பறாத்தூணியைத் தொங்க விடுகிறார்கள். துறவி ஒருவர் தம் முக்கோலை நட்டு அதில் காவியாடையை மாட்டி வைப்பதை அதற்கு உவமை சொல்கிறார் புலவர். ஈட்டிகளைக் குத்தி நிறுத்தி, கேடயங்களை வரிசையாகச் சேர்த்து, அதையே வேலியாக்குகிறார்கள். கையில் இருப்பது எதுவோ அதுவே கம்பம், அதுவே சுவர். தனியாகத் தளவாடம் தேடிப் போகவில்லை.

இவற்றின் நடுவே அரசனுக்கு மட்டும் தனி ஏற்பாடு. நெடிய கழிகளை நட்டு, 'கண்டம்' வளைத்து எழுப்புகிறார்கள். கண்டம் என்றால் துண்டு. பல நிறத் துண்டுகளை இணைத்த மதில் திரை என்று உரை விளக்குகிறது. ஒட்டுத் துணி வேலை என்று நாம் சொல்லலாம். அதற்குள் வலுவான கயிற்றில் எழினி என்னும் திரை கட்டி, இடத்தை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறார்கள். புறத்தறையில் யவனர் காவல், பேச்சு வராமல் கையசைவாலேயே பேசும் மிலேச்சர் காவல், விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் பெண்கள், நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்பவர்கள். உள்ளறையில் அரசன் உறங்காமல் கிடக்கிறான். போரில் துதிக்கை அறுந்த யானையையும், புண்பட்டுத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரையையும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கழி, துண்டுத் துணி, கயிறு, தழை, முள். இந்த ஐந்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு இவற்றில் பெரிய மாற்றம் இல்லை.

முள்ளை எடுத்துக்கொள்வோம். 1520இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூரை முற்றுகையிட்ட படையெடுப்பை போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் எழுதியிருக்கிறார். ராயரின் கூடாரத்தைச் சுற்றிப் பெரிய முள்வேலி, ஒரே ஒரு வாயில், அந்த வாயிலில் காவல் என்கிறது அவர் குறிப்பு. முல்லைப்பாட்டை அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. நப்பூதனார் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார். இலந்தையும் காரையும் வேலமும் வளரும் நாட்டில் இதைவிட மலிவான, இதைவிட விரைவான கோட்டை கிடையாது. வெட்டி இழுத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மதில். கிளம்பும்போது சுமந்துகொண்டும் போக வேண்டியதில்லை.

கழிக்கும் தழைக்கும் காஞ்சிச் சாலையே சாட்சி. காஞ்சியை ஆண்ட இளந்திரையனிடம் பாணனை அனுப்பும் பெரும்பாணாற்றுப்படை, வழியில் தென்படும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். எயினரின் குடிசை ஈச்ச இலை வேய்ந்தது. முள் சிலிர்த்த எய்ப்பன்றியின் முதுகுபோல் இருக்கிறதாம். ஈச்ச ஓலைக் கூரையை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தவர் அந்த உவமையைக் கண்டு சிரித்துவிடுவார், அவ்வளவு பொருத்தம். உப்பு விற்கும் உமணர் குடும்பத்தோடு கூரை வேய்ந்த வண்டிகளில் போகிறார்கள். சக்கரம் வைத்த வீடு அது. பிற்காலத்துக் கூண்டு வண்டிக்கு மூங்கில் பிளாச்சை வளைத்துப் பாய் போர்த்தியதும் அதன் தொடர்ச்சிதான்.

இங்கே கூரத்துக்கே திரும்பி வந்துவிடலாம். பரமேசுவரவர்மன் காலத்து வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில் இங்கே இருக்கிறது. கல்லால் கட்டியெழுப்பிய தமிழகக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. சிதைந்துதான் கிடக்கிறது, ஆனாலும் சுற்றி வந்தால் பின்புறச் சுவர் வளைந்து திரும்புவது தெரியும். தூங்கும் யானையின் முதுகுபோல் இருப்பதால் தூங்கானை மாடம் என்று பெயர். கல்லை ஏன் வளைக்க வேண்டும்? கல்லுக்கு நேர்க்கோடுதானே எளிது? வளைவது மூங்கிலின் இயல்பு. கழிகளை வளைத்து ஓலை வேய்ந்த பழங்காலக் கட்டடத்தின் உருவத்தைத்தான் தச்சர்கள் கல்லில் தொடர்ந்தார்கள் என்று கட்டடக்கலை அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அது அப்படியே ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்தின் கூரையோ கூண்டு வண்டி. பரமேசுவரவர்மனின் முன்னோனான மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பெருமிதம் கொள்கிறான். அதற்கு முன் கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது அந்தப் பெருமிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

கூரத்துக் கோயிலின் வளைந்த முதுகைத் தடவிப் பார்க்கும்போது, நான் கல்லை மட்டும் தொடுவதாக எனக்குத் தோன்றுவதில்லை. பெயர் தெரியாத ஒருவர் நெருப்பில் வாட்டி வளைத்த மூங்கிலையும் தொடுகிறேன்.

துணியின் கதை வேறு. காஞ்சி என்றால் இன்று பட்டு. ஆனால் இந்த ஊரின் தறிகள் பருத்தியைத்தான் நீண்ட காலம் நெய்தன. 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில் நான்கு சேரிகளில் குடியிருந்த நெசவாளர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்பை அது ஒப்படைக்கிறது. அந்தச் சேரிகளில் அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி என்ற பெயர்கள் வருகின்றன. பாடி! படை தங்கும் இடமும் பாடிதான், பாடிவீடுதான். ஆயர் தங்கினாலும் பாடி, நெசவாளர் கூடி வாழ்ந்தாலும் பாடி. பல பேர் ஓரிடத்தில் ஒன்றாக இறங்கித் தங்குவதைத் தமிழ் ஒரே சொல்லால் சொல்லியிருக்கிறது. சம்புவராயர்களின் தலைநகருக்குப் படைவீடு என்றே பெயர். ஆரணிக்குப் பக்கத்தில் இன்றும் அதே பெயரில் ஊர் இருக்கிறது. முருகனுக்கு ஆறு.

பருத்திக் கூடாரத்தை நைலான் கூடாரத்தோடு ஒப்பிட்டு, எடை அதிகம், பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் சூட்சுமத்தை அறியாதவர்கள். நெருக்கமாக நெய்த தடிப்பருத்தித் துணி மேல் முதல் மழை பெய்யும்போது கொஞ்சம் ஒழுகும். பிறகு நூல் நீரைக் குடித்து உப்பும். இழைகளுக்கு நடுவே இருந்த சிறு துளைகள் அடைபட்டுப் போகும். மழை மேலேயே வழிந்து ஓடிவிடும். அதனால்தான் புதுக் கூடாரத்தை ஒரு முறை நன்றாக நனைத்து, உலர்த்தி, பிறகே வெளியே கொண்டுபோவார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது உள்ளிருந்து விரலால் துணியைத் தொட்டால் போதும், தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பித்துவிடும். கூடாரத்தில் பிள்ளைகளோடு தங்கியவர்கள் இதற்காக எத்தனை முறை அதட்டியிருப்பார்கள்!

வெயில் ஏறியதும் அந்தத் துணி மூச்சு விடும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சின் ஈரம் இழை வழியாகவே வெளியேறிவிடும். நைலானில் அதே ஈரம் உட்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு விடியற்காலையில் முகத்தில் விழும்.

கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கும். வெயிலில் விறைப்பாக இழுத்துக் கட்டிய கூடாரம், இரவில் மழை வந்தால் தன் முளைகளைத் தானே பிடுங்கிவிடும். மேகம் திரளும்போதே எழுந்து போய்க் கயிற்றைத் தளர்த்துகிறவன்தான் அனுபவசாலி. தேங்காய் நார்க் கயிறு நீருக்கு அசராது. எல்லாவற்றையும்விடப் பெரிய பகை ஈரத்தோடு மடித்து வைப்பது. இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், பிறகு துணி கையோடு பிய்ந்து வரும். இதனால்தான் நமக்குப் பழைய கூடாரங்கள் அரிதாகவே மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைத் தின்றுவிட்டது.

அப்படி மிஞ்சிய ஒன்று உண்டு. அதன் கதை கூரத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூர், பல்லவர் காலத்திலேயே போர்க்களம். மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பரில் அதே மண்ணில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கம்பெனிப் படையை எதிர்கொண்டார்கள். பக்சார் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ காஞ்சியில் முகாமிட்டுக் காத்திருக்கிறார். கர்னல் பெய்லி வடக்கே குண்டூரிலிருந்து வந்து அவரோடு சேர வேண்டும். கொற்றலையாற்று வெள்ளம் பெய்லியைத் தடுத்து நிறுத்திவிட்டது. செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் முதல் மோதல். அங்கிருந்து மன்றோவின் முகாம் ஏறத்தாழ 14 மைல்தான். ஒரு நாள் நடை. செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூரில், பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை சூழப்பட்டு, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்து, அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். திப்பு இந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியை அங்கே இன்றும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட படைகளோடு ஒரு தனி உலகமே நகர்ந்தது. மாடுகளும் யானைகளும் கூடாரங்களைச் சுமந்தன. கூடாரம் அடிக்கவும் பிரிக்கவும் லஸ்கர்கள் என்ற தனிப் பிரிவே கம்பெனிப் படையில் இருந்தது. சிப்பாய் வந்து சேரும் முன்பே முளை அடித்து, கம்பம் நிறுத்தி, கயிறு இழுத்து முடிப்பது அவர்கள் வேலை. மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே எல்லாவற்றையும் பிரித்துச் சுருட்டி ஏற்றுவதும் அவர்களே. தளபதிகளின் பெயர்கள் புத்தகங்களை நிரப்பியிருக்கின்றன. புள்ளலூரில் நிற்கும் நினைவுத் தூண்களில் இரண்டு ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. அங்கே முளையடித்த லஸ்கர் ஒருவரின் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு மனம் ஆறாத விஷயம்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் கூடாரம் ஒன்று, அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ் வழியாகக் கடல் கடந்தது. ராபர்ட் கிளைவின் மகன் அவர். அந்தக் கூடாரம் இன்று வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. இடையில் சில காலம் அங்கே தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகவும் நின்றிருக்கிறது. பருத்தித் துணிதான், பட்டு இல்லை. உட்புறம் முழுவதும் சீட்டி வேலைப்பாடு: வெள்ளைத் தரையில் பூச்சாடிகள், சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள். திப்பு பிறப்பதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நெய்து எழுதிய துணி என்று கணிக்கிறார்கள்.

சீட்டி எழுதுவது சோழமண்டலக் கரை முழுவதும் நடந்த தொழில். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊற வைப்பார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேர் போட்டுக் காய்ச்சுவார்கள். நீலம் ஏற வேண்டிய இடத்தை விட்டு மற்றதை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். வேர், காய், இலை, மெழுகு, பால் என்று இவ்வளவும் மண்ணிலிருந்தும் மாட்டிலிருந்தும் தேனடையிலிருந்தும் வந்தவை. அப்படிச் சாயம் ஏற்றிய வண்ணம் நூற்றாண்டுகள் கழித்தும் நிற்கும் என்பதைப் பார்க்க நாம் வேல்ஸ் வரை போக வேண்டியிருக்கிறது. கண்டம் என்று நப்பூதனார் சொன்ன வண்ணத் திரை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் அந்தப் பூச்சாடிகள்தான் என் கண்முன் வருகின்றன. காலமும் இடமும் வேறுதான், ஆனாலும் அவற்றைவிட நெருங்கிய சாட்சி வேறு எதுவும் இல்லை.

படையெடுத்து வந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் சொற்கள் தங்கிவிட்டன. 'டேரா போட்டுட்டான்' என்று வீட்டுக்கு வந்து நகராத விருந்தாளியைச் சொல்கிறோம். முகாம் என்கிறோம். வெளியூர் போன அதிகாரியைப் பற்றி 'ஐயா கேம்ப் போயிருக்கார்' என்று தாலுகா ஆபீசில் பதில் வருகிறது. ஜமாபந்திக்குக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போன கலெக்டர்களின் மிச்சம் அது. கித்தான், படுதா, தார்ப்பாய் என்று துணிக்கு மட்டுமே எத்தனை பெயர்!

உண்மையான பாடிவீட்டை இன்று பார்க்க வேண்டுமென்றால் அறுவடை முடிந்த கழனிக்குப் போக வேண்டும். காஞ்சி, திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிப்பாசன வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து இறங்குவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு. வாத்தின் எச்சம் வயலுக்கு. வரப்போரம் நாலு கழி, அதன்மேல் ஒரு தார்ப்பாய், பக்கத்தில் வாத்துகளை அடைக்கச் சுற்றிக் கட்டிய வலை. ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் வலைக்குப் பதில் முள்ளை வெட்டி வளைப்பார்கள். பனையோலைப் பாயும் கோரைப்பாயும் இருந்த இடத்தில் நீல நெகிழி விரிப்பு வந்துவிட்டது. கழியும் முள்ளும் அப்படியே இருக்கின்றன.

கடைசியாக ஒரு முறை கூரம் செப்பேட்டுக்கு வருகிறேன். பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி அரசன் கொடுத்ததைச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதில் ஒரு பங்கு கூரத்து மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு. இன்னொரு பங்கு அங்கே பாரதம் வாசிப்பவருக்கு. வாசிப்பு ஒரு நாளில் முடியாது. பதினெட்டாம் நாள் போரும் முடிந்து சௌப்திக பர்வம் வரும். அசுவத்தாமன் இருட்டில் பாசறைக்குள் நுழைகிறான். உறங்குகிறவர்களைக் கொல்கிறான். கிருபரும் கிருதவர்மனும் வாயிலில் நின்று ஓடி வருகிறவர்களை வெட்டி, மூன்று பக்கம் தீ வைக்கிறார்கள். துணியும் ஓலையும் கழியுமாக ஒரு நகரம் எரிகிறது.

பெருவளநல்லூருக்குப் பிறகு எழுதியது அந்தச் செப்பேடு. கூரத்து மண்டபத்தில் அந்தப் பகுதியை முதன்முதலாக வாசித்த இரவில், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலராவது பெருவளநல்லூர்ப் போர்ப் பாசறையில் படுத்து எழுந்து வந்தவர்களாக இருந்திருப்பார்கள்.